படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு நற்கருணை கொடுக்க ஐயர் வரவில்லை. கேட்பது தப்பா?

ஊர்விட்டு வந்தவள் எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெற்கே பனையும் உடைமரமும் நிற்கிற ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராமம் எங்களுடையது. சபைக் குருவை நாங்கள் ஐயர் என்போம். ஊர்ப் பேரும், ஒரு ஐயருக்குக் கீழே பல சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தின் பேரும் வேண்டாம். சொன்னால் பொழுது சாயுமுன் யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நான் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்துவிட்டேன். அம்மா தம்பி வீட்டில் இருக்கிறாள். போன ஆடிக் காற்றில், கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனவள் முற்றத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தும் நடை வரவில்லை. இப்போது எல்லாம் கட்டிலில்தான்.

அம்மா ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கோயிலுக்குப் போகிறவள் இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வெகுகாலம் செயலாளராக இருந்தாள். வீட்டுக்கு வீடு கைப்பிடி அரிசி வாங்கி, அளந்து, ஏலம் விட்டு, பணத்தைக் கட்டி, ரசீதுகளைப் போட்டு வைத்த டிரங்குப் பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. விழுந்ததிலிருந்து இராப்போஜனம் (நற்கருணை அப்பமும் திராட்சரசமும்) எடுக்கவில்லை. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை ஆராதனை. அன்றைக்கு முதல் மணி அடித்ததும் தம்பி மனைவியிடம் "சேலையை மாத்தி விடு, ஆராதனை முடிஞ்சு ஐயர் வருவாரு" என்று சொல்கிறாளாம். வெள்ளைச் சேலை கட்டி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவளே "சரி, மாத்திரு" என்பாள். மாதா மாதம் இதே கதை.

ஐயர் வரவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்தார். நன்றாகத்தான் ஜெபித்தார். கூட வந்தவர் போட்டோ எடுத்துச் சேகர வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். வீட்டுக்கு வந்தபின் எட்டிப் பார்க்கவில்லை. கோயில் வாசலில் வைத்துத் தம்பி இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். "வருவோம் தம்பி" என்கிறார். அவருக்கும் ஏழு சபை. இரண்டு பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர். கல்யாண மண்டபம் கட்டுகிற கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். அது தெரிந்ததால்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தோம்.

இதோடு இன்னும் இரண்டு சங்கதி. தம்பி மனைவி தன் அண்ணன் கடன்பட்டு நிற்பதை ஐயரிடம் தனியாகச் சொல்லி ஜெபிக்கச் சொன்னாள். அடுத்த வாரப் பிரசங்கத்தில் "வட்டிக்கு வாங்கி நகை போட்டுக்கொண்டு ஆலயத்துக்கு வருகிற குடும்பங்கள்" என்று ஒரு வார்த்தை வந்தது. பேர் சொல்லவில்லை. ஆனால் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பி இவளைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவள் கோயிலுக்குப் போவதில்லை. இன்னொன்று, மண்டபத்துக்கு வாங்குகிற பணத்துக்கு ரசீது உண்டு. ஆனால் இதுவரை வரவு செலவு சபையில் வாசிக்கப்படவில்லை.

தம்பி, சபைக்குக் கட்டுகிற சங்கக் காணிக்கையை நிறுத்துவோம் என்கிறான். சித்தப்பா, அபிஷேகம்பண்ணப்பட்டவர் மேல் கைபோடாதே, குடும்பத்துக்கு ஆகாது என்கிறார். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: ஒரு ஐயருடைய கடமை எதுவரை? எதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு? அதை யாரிடம், எப்படிக் கேட்பது?


தேரிமணல்:

அக்கா, காணிக்கையை நிறுத்தச் சொல்லுங்க. மறுவாரமே வருவார். எங்க வீட்டுல நடந்தது. என்ன, வந்தவர் கையில் பைபிளோடு சங்கப் பதிவேடும் இருந்துச்சு.


ஓய்வு உபதேசியார்:

மகளே, கேட்பதில் தப்பே இல்லை. நான் ஐயருக்குக் கீழே ஊர்ச் சபையைக் கவனிக்கிற உபதேசியாராக வேலை பார்த்துத் தலை நரைத்து ஓய்வு பெற்றவன். ஐயர்மார் பலரோடு இருந்திருக்கிறேன். அவர்களுக்காகவும் பேசுவேன், அவர்களைப் பற்றியும் பேசுவேன்.

முதலில் உன் சித்தப்பாவுக்கு. சவுல் மேல் கைபோடமாட்டேன் என்று தாவீது சொன்னது 1 சாமுவேல் 24-ஆம் அதிகாரம், என்கேதிக் குகையில். அந்த அதிகாரத்தைக் கடைசி வரை வாசிக்கச் சொல். தாவீது வாயை மூடிக்கொண்டு போகவில்லை. குகையை விட்டு வெளியே வந்து, சவுலைப் பின்னாலிருந்து கூப்பிட்டு, அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைக் காட்டி, இரண்டு பக்கத்துச் சேனையும் கேட்க, நீர் எனக்குச் செய்வது நியாயமா என்று கேட்டான். கத்தியை எடுக்கவில்லை, கேள்வியை விடவும் இல்லை. சங்கீதம் 105-ல் வரும் 'நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே' என்ற வார்த்தையும் அப்படித்தான். சொந்த நிலமில்லாமல் ஊர் ஊராக அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்துக்காக ராஜாக்களைப் பார்த்துச் சொல்லப்பட்டது அது. நாற்காலியில் இருப்பவரை எளியவன் கேள்வி கேட்காமல் தடுக்க அதை எடுத்து நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மூப்பன் மேல் குற்றச்சாட்டு வந்தால் இரண்டு மூன்று சாட்சிகளோடு எடுத்துக்கொள் என்கிறார். குற்றச்சாட்டே வரக்கூடாது என்றிருந்தால் சாட்சி எதற்கு?

இனி அம்மா விஷயம். நாம் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை ஆவதற்கு முன் நம் பக்கத்தில் பெரும்பாலும் ஆங்கிலிக்கன் முறைமை. 1662-ஆம் வருஷத்து ஜெபப்புத்தகம்தான் சட்டம். அதில் குருப்பட்டம் கொடுக்கும்போது பேராயர் கேட்கிற கேள்விகளில் ஒன்று, உன் பொறுப்பில் இருக்கிற வியாதிஸ்தருக்கும் சுகமாயிருப்பவருக்கும் தனியாகவும் வெளிப்படையாகவும் புத்தி சொல்லி நடத்துவாயா என்பது. கர்த்தர் துணையால் செய்வேன் என்று பதில் சொல்லித்தான் பட்டம் வாங்குவார்கள். ஆகவே வீடு சந்திப்பு என்பது நேரம் கிடைத்தால் செய்கிற உபகாரம் இல்லை. பீடத்தின் முன் கொடுத்த வாக்கு.

ஆனால் அதே புத்தகத்தில் வீட்டாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒருவர் வியாதியானால் குருவுக்கு அறிவிக்க வேண்டும். வீட்டில் நற்கருணை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி, கூட எத்தனை பேர் எடுப்பார்கள் என்றும் சொல்ல வேண்டும். யாக்கோபு நிருபத்திலும் வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைப்பானாக என்றுதான் இருக்கிறது. உன் தம்பி சொன்னது கோயில் வாசலில். ஆராதனை முடிந்து அங்கியோடு வாசலில் நிற்கிற மனுஷனிடம் பத்துப் பேர் பத்து விஷயம் சொல்வார்கள். ஒருத்தன் பேரனுக்கு ஞானஸ்நானம், ஒருத்தன் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும், ஒருத்தி பிள்ளைக்குப் பள்ளியில் இடம். நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அதில் பாதி, ஐயர் வீடான குருமனைக்குப் போய்ச் சேருமுன் மறந்துபோகும்.

அந்தக் காலத்தில் மறக்காமல் இருந்ததற்குக் காரணம் உபதேசியார். மிஷனெரி ரேனியஸ் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தபின் திருநெல்வேலிச் சபை வளர்ந்த விதமே அப்படித்தான். மிஷனெரி ஒருத்தர், அவருக்குக் கீழே ஊர் ஊராக உபதேசிமார். காலை மாலை ஜெபம், பிள்ளைகளுக்குப் பாடம், வியாதிக்காரர் பட்டியல் எல்லாம் உபதேசியார் கையில். பிறகு நம் ஆட்களே ஐயர் ஆனபோதும் அந்த ஏற்பாடு நின்றது. சனிக்கிழமை சாயங்காலம் நான் பட்டியலோடு குருமனைக்குப் போவேன். யார் படுக்கையில், யார் வீட்டில் சண்டை, யார் இரண்டு மாதமாக மேசைக்கு வரவில்லை, எல்லாம் அதில் இருக்கும். இப்போது பல இடங்களில் மூன்று சபைக்கு ஒரு சபை ஊழியர். சில இடங்களில் அதுவும் இல்லை. ஐயருக்கு நேரமில்லை என்கிறார்கள், அது பாதி. அவரிடம் கொண்டுபோய்ச் சொல்ல ஆளில்லை என்பது மீதி.

நான் வேலை பழகிய ஐயர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இறந்துபோய்விட்டார், பேர் வேண்டாம். நீளமான கணக்கு நோட்டு ஒன்று வைத்திருந்தார். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். குடும்பத்தில் யார் யார், ஞானஸ்நானம் எப்போது, திடப்படுத்தல் ஆனதா, பம்பாயில் எந்த மகன் என்று எல்லாம் எழுதியிருப்பார். வெள்ளிக்கிழமை சைக்கிளில் கிளம்பினால் பனங்காட்டு விளை வரை போவார். வியாதிக்காரர் வீட்டுத் திண்ணையில் நாற்காலி போட்டால் உட்காரமாட்டார், "ஆள் எங்க படுத்திருக்காக?" என்று நேரே உள்ளே போவார். ஒரு சங்கீதம், சின்ன ஜெபம். அப்புறம் தலைமாட்டில் இருக்கிற மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பார்ப்பார். அட்டையில் மாத்திரை எண்ணிக்கை குறையாமல் இருந்தால், வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், விழுங்க வைக்க ஆளில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். அதை அங்கே கேட்கமாட்டார். வாசலுக்கு வந்தபின் மருமகளிடமோ மகனிடமோ மெதுவாகக் கேட்பார்.

இன்னொன்றும் கேட்பார்: உயில் எழுதியாச்சா? ஒருமுறை பெரியவர் ஒருவர் படுக்கையில் இருந்தபோது இதைக் கேட்டார். மூன்று மகன்மாருக்கும் முகம் சுருங்கிப்போயிற்று. சாவை நினைத்துப் பேசுகிறாரே என்று எனக்கே சங்கடம். வெளியே வந்து சொன்னார், இது என் யோசனை இல்லை உபதேசியாரே, ஜெபப்புத்தகத்தில் இருக்கிறது என்று. உண்மைதான். வியாதிஸ்தர் சந்திப்பு முறைமையில், சொத்துக்கு உயில் எழுதவும் கடன் கொடுக்கல் வாங்கலைச் சொல்லிவிடவும் குரு நினைவூட்ட வேண்டும், முடிந்தவன் ஏழைகளுக்குக் கொடுக்கும்படியும் சொல்ல வேண்டும் என்று போட்டிருக்கிறது. அந்தப் பெரியவர் எழுதி வைத்தார். அந்தத் தெருவில் கோர்ட்டுக்குப் போகாத வீடு அது ஒன்றுதான்.

பணத்தில் அவர் கை படாது. காணிக்கைப் பை பீடத்துக்கு வந்ததும் ஜெபிப்பார், அவ்வளவுதான். எண்ணுகிறது உடைமாற்றும் அறையில், கமிட்டியார் இரண்டு பேரும், கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையும். எண்ணி முடிகிற வரை அவர் வேப்பமரத்தடியில் நிற்பார். சபையார் சேர்ந்து சாப்பிடுகிற அசனத்தன்று வெளியூர்க்காரர் ஒருவர் கட்டட நிதிக்கென்று ஒரு கட்டு நோட்டை அவர் கையில் வைத்தார். வாங்காமல், "ரசீது புக்கைக் கொண்டாங்கல" என்று கூட்டத்துக்கு மேலே சத்தம் போட்டார். வந்தவருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. பவுலே எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒருவரும் எங்களைக் குறை சொல்லாதபடிக்கு என்று சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட்டிக்கொண்டுதான் போனார். 2 கொரிந்தியர் 8-ல் பார்.

இப்போது என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். ஐயரைத் திட்டாதே, அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலிகளை எண்ணு. தாளாளர் நாற்காலி, மண்டபக் கமிட்டி நாற்காலி, தேர்தல் வந்தால் எந்த அணி என்கிற நாற்காலி. ஆசிரியர் சம்பளப் பட்டியலில் கையெழுத்து, கல்வி அலுவலகத்தில் காத்திருப்பு, சிமெண்டுக்காரனோடு பேரம். இதில் எதற்கும் குருப்பட்டம் தேவையில்லை. அப்போஸ்தலர் 6-ல் விதவைகளின் சாப்பாட்டுப் பந்தியில் ஓரவஞ்சனை என்று முறுமுறுப்பு வந்தபோது அப்போஸ்தலர்கள் அதைத் தட்டிக் கழிக்கவில்லை, தாங்களே வைத்துக்கொள்ளவும் இல்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரை ஏற்படுத்தி ஒப்படைத்தார்கள். நம் சேகரங்களில் பந்தியை ஐயர் பார்க்கிறார், ஜெபத்தை வாட்ஸ்அப் பார்க்கிறது. இதை ஏற்படுத்தி வைத்தது ஐயர் மட்டும் இல்லை. தாளாளர் பதவி ஐயரிடம் இருந்தால் தனக்கு வேண்டியதைச் சாதிக்கலாம் என்று நினைக்கிற கமிட்டியாரும்தான்.

பிரசங்கத்தில் குத்தியது வேறு சங்கதி. வராமல் இருந்ததை அலுவல், மறதி என்று விடலாம். தனியாகச் சொன்னதைப் பிரசங்க பீடத்துக்குக் கொண்டுபோனதை விடக்கூடாது. அங்கே நிற்கிறவருக்குத் திருப்பிப் பதில் சொல்ல கீழே இருக்கிறவளுக்கு வழியில்லை. இதை மத்தேயு 18 முறைப்படி, முதலில் அவரும் நீங்களுமாக மட்டும் பேசுங்கள். தம்பியும் தம்பி மனைவியும் குருமனைக்குப் போகட்டும். ஐயரம்மா வீட்டில் இருக்கிற நேரமாகப் போனால் நல்லது. கேட்கவில்லை என்றால் பெரியவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகலாம். அதற்கப்புறம் சேகர கமிட்டி, சபைமன்றத் தலைவர், பேராயர் என்று வழி இருக்கிறது. மாறுதல் வந்தால் போய்விடுவார் என்று காத்திருப்பதுதான் நம் ஊர் வழக்கம். அவர் அடுத்த ஊரில் போய் அதையேதான் செய்வார்.

காணிக்கையை நிறுத்த வேண்டாம். அது ஐயருக்குப் போகிற பணம் இல்லை, உன் அம்மா வீடு வீடாகச் சேர்த்தது.


பங்குப்பேரவை ஆள்:

சகோதரி, நான் கத்தோலிக்கன், தஞ்சாவூர்ப் பக்கம். உபதேசியார் ஐயா எழுதியதை வாசித்ததும் எங்கள் பக்கத்தையும் சொல்லத் தோன்றியது.

எங்களுக்கு இதெல்லாம் சட்டமாகவே எழுதியிருக்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 529-ஆம் எண், பங்குத்தந்தை தன் மக்களை அறிந்துகொள்ள முயல வேண்டும், குடும்பங்களைச் சந்திக்க வேண்டும், அவர்கள் கவலையிலும் துக்கத்திலும் பங்கெடுக்க வேண்டும், நோயாளிகளையும் சாகும் தறுவாயில் இருப்பவர்களையும் விசேஷமாகக் கவனிக்க வேண்டும் என்கிறது. ஞாயிறுதோறும் தன் பங்கு மக்களுக்காக ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பதும் கடமை. நிதிக்குழு எல்லாப் பங்கிலும் இருந்தே ஆக வேண்டும், அது 537. விசுவாசிகள் கொடுத்த பணத்துக்கு விசுவாசிகளுக்குக் கணக்குச் சொல்லவும் வேண்டும்.

இவ்வளவு எழுதியும் நடக்கிறதா என்றால், சாமியாரைப் பொறுத்தது. பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்கிற உரிமை மட்டும்தான், முடிவு அவருடையது. எட்டு மணி வரை காரசாரமாகப் பேசிவிட்டு, "சாமி பார்த்துச் செய்யட்டும்" என்று டீ குடித்துவிட்டு எழுந்து வருவோம்.

ஆனால் நோயாளி விஷயத்தில் ஒன்று நன்றாக நடக்கிறது. நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுபோகப் பயிற்சி பெற்ற அருட்சகோதரிகளும் பொதுநிலையினரும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டார் சேர்ந்து கூடுகிற அன்பியத்தில் யாருக்கு முடியவில்லை என்று தெரு அளவிலேயே தெரிந்துவிடும். நோயில் பூசுதலுக்கு மட்டும் குருவேதான் வர வேண்டும். சி.எஸ்.ஐ.யில் அப்படி அனுப்புகிற வழக்கம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

ரகசியம் பற்றி: பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு வெளியே சொன்னால் தானாகவே திருச்சபை விலக்கம், அவ்வளவு கடுமை. ஆனால் உங்கள் தம்பி மனைவி சொன்னது மாதிரி பேச்சுவாக்கில் சொன்னதற்கு அந்த முத்திரை கிடையாது. அங்கே குருவின் குணம் ஒன்றுதான் காவல். அதனால்தான் எங்கள் பாட்டி, "சாமிகிட்ட முழங்கால் போட்டுச் சொல்லு, நாற்காலி போட்டுச் சொல்லாத" என்பாள்.


வாடகை ஹால்:

சிஸ்டர், பிரைஸ் த லார்ட். நான் ஒரு பாஸ்டரம்மா. சென்னைக்கு வெளியே, கீழே ஹார்டுவேர் கடை, மேலே எங்கள் சபை. எங்கள் வீட்டுக்காரர் வாரநாளில் எலக்ட்ரிக்கல் வேலைக்குப் போகிறார். எங்களுக்கு ஏழு சபை கிடையாது, தாளாளர் பதவி கிடையாது, மாறுதலும் கிடையாது. அதனால் எங்கள் தொல்லை நேர் எதிர். வீடு சந்திப்புக்கு வரவில்லை என்று யாரும் சொல்லமுடியாது, ராத்திரி பதினோரு மணிக்கும் போன் வரும். ஆனால் எங்களை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கமிட்டி இல்லை, பேராயர் இல்லை. பாஸ்டர் சொன்னால் சொன்னதுதான். அது எவ்வளவு ஆபத்து என்று உள்ளே இருக்கிற எனக்குத் தெரியும்.

போன வருஷம் நான் பிடிவாதமாக ஒன்று ஆரம்பித்தேன். மாதக் கடைசியில் ஹால் கதவில் ஒரு தாள் ஒட்டுவேன்: வந்த தசமபாகம், காணிக்கை, வாடகை, கரண்டு பில், மைக் ரிப்பேர், எங்கள் வீட்டுக்கு எடுத்தது. எங்கள் சபை அண்ணன் ஒருவரே "கர்த்தருக்குக் கொடுத்ததுக்குக் கணக்கா சிஸ்டர்?" என்று கோபப்பட்டார். கர்த்தருக்குக் கொடுத்தது, செலவழிக்கிறது நாங்கள்தானே அண்ணா என்றேன். ஒட்ட ஆரம்பித்தபின் காணிக்கை குறையவில்லை. எங்கள் வீட்டில்தான் கொஞ்சம் சண்டை.

ரகசியத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கடன், குடி, புருஷன் பெண்டாட்டி சண்டை, இதெல்லாம் என் காதோடு நிற்கும். அவரிடம்கூடச் சொல்லமாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் நிற்காது. பிள்ளைகள் விஷயம். ஒரு அம்மா வந்து, சொந்தக்காரர் ஒருவர் தன் மகளிடம் தப்பாக நடந்துகொண்டதைச் சொல்லி அழுதாள். உபவாச ஜெபம் வையுங்கள், வெளியே தெரியக்கூடாது என்றாள். எங்கள் வீட்டுக்காரருக்கும் குடும்பத்தாரைக் கூப்பிட்டுப் பேசிவிடலாம் என்றுதான் இருந்தது. நான் அங்கேயே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டேன். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டம், 19-ஆம் பிரிவு: தெரியவந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைத்தால் 21-ஆம் பிரிவில் தண்டனை. பாஸ்டருக்கு, ஃபாதருக்கு என்று தனியாக விலக்கு எதுவும் அந்தப் பிரிவில் எழுதவில்லை. ஜெபமும் பண்ணினோம், அந்தப் பிள்ளையோடு ஸ்டேஷனுக்கும் போனேன். அந்தக் குடும்பத்தில் பாதிப் பேர் இப்போது எங்கள் சபைக்கு வருவதில்லை.

இந்தத் திரியை வாசிக்கிற ஊழியர்கள் யாராவது இருந்தால் இதை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்காதீர்கள் சிஸ்டர். கடன் விஷயத்தை மைக்கில் சொல்கிறவரிடம் நாளைக்கு ஒரு பிள்ளை எப்படி வாயைத் திறக்கும்?


ஊர்விட்டு வந்தவள்:

எல்லோருக்கும் நன்றி. உபதேசியார் ஐயா, நீங்கள் சொன்னபடி தம்பியை ஒரு தாளில் எழுதச் சொன்னேன்: அம்மா பேர், வீடு எங்கே, எப்போதிலிருந்து படுக்கை, வீட்டில் நற்கருணை எடுக்க எத்தனை பேர். சாயங்காலம் குருமனைக்குப் போய்க் கொடுத்தான். ஐயர் வாசித்துவிட்டு, "இவ்வளவு நாளாச்சா?" என்று கேட்டாராம். ஆஸ்பத்திரியில் பார்த்ததோடு எழுந்து நடமாடிக்கொண்டிருப்பார் என்று நினைத்தாராம். நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. தம்பி நம்புகிறான். வருகிற வியாழக்கிழமை காலை வருகிறேன் என்று தாளிலேயே குறித்துக்கொண்டாராம்.

பிரசங்க விஷயத்தையும் கேட்டிருக்கிறான். தம்பி மனைவி கூடப் போகவில்லை, மாட்டேன் என்றுவிட்டாள். ஐயர், பொதுவாகச் சொன்னது, அவர்களை மனதில் வைக்கவில்லை என்றாராம். ஐயரம்மா உள்ளேயிருந்து வந்து, "இல்ல, அன்னைக்கு நானே உங்ககிட்ட கேட்டேன்ல" என்று ஒரே வார்த்தை சொன்னார்களாம். அதற்கப்புறம் பேச்சு மாறிவிட்டது. வியாழக்கிழமை அவரே அவளிடம் பேசுவாரா என்று பார்க்க வேண்டும். பேசாவிட்டால் இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போவோம்.

மண்டபக் கணக்கு விஷயத்தில் சித்தப்பாவே கமிட்டியில் எழுதிக் கொடுக்கிறேன் என்றிருக்கிறார். 1 சாமுவேல் 24-ஐ வாசித்தாரா, இல்லை மண்டபத்துக்குத் தான் கொடுத்த பணம் ஞாபகம் வந்ததா, தெரியாது.

ஐயா, ஒரு சந்தேகம். அம்மாவுக்கு விழுங்கக் கொஞ்சம் சிரமம். தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. வீட்டில் என்ன ஏற்பாடு செய்து வைக்க வேண்டும்?


ஓய்வு உபதேசியார்:

பெரிதாக ஒன்றும் வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, துவைத்த வெள்ளைத் துணி. பாத்திரம் எல்லாம் ஐயர் கொண்டுவருவார். புரையேறுகிறதை முன்பே சொல்லிவிடு, அப்பத்தில் கொஞ்சமாகப் பிய்த்துத் திராட்சரசத்தில் தொட்டுக் கொடுப்பார். டாக்டர் எதையாவது வாயில் கொடுக்கவே கூடாது என்று சொல்லியிருந்தால் அதையும் மறைக்காதே. உண்மையான விசுவாசத்தோடு இருக்கிறவர் வாயால் எடுக்க முடியாமல் போனாலும் எடுத்ததாகவே கணக்கு என்று பழைய ஜெபப்புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது, அம்மா பயப்பட வேண்டியதில்லை. நிமிர்த்தி உட்காரவைக்க ஆள் வேண்டும். கூட எடுக்கிறவர்களில் பெண்கள் சங்கத்துப் பழைய ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிடு, அம்மாவுக்கு ஐயரைவிட அவர்களைப் பார்க்கத்தான் ஆசை இருக்கும்.

தம்பி மனைவியையும் எடுக்கச் சொல், ஆனால் வற்புறுத்தாதே. ஐயர் முதலில் அவளிடம் பேசட்டும்.

அப்புறம், சங்கக் காணிக்கை பாக்கி இருந்தால் வியாழக்கிழமை கொடுக்க வேண்டாம். இன்னொரு நாள் தம்பியைப் பொருளாளரிடம் அனுப்பி, ரசீது போட்டு வாங்கச் சொல்.